அம்மாவுக்கு என்ன நோய்?

உங்கள் வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வீர்கள்? கஷாயம் வைத்துக் கொடுப்பீர்கள். இரண்டு நாளில் குறையாவிட்டால் கிளினிக்குக் கூட்டிப் போவீர்கள். பக்கத்து வீட்டு அக்கா "எங்கே புறப்பட்டீங்க?" என்று கேட்டால் மறைக்காமல் சொல்வீர்கள். அதே வீட்டில் ஒருவர் மாதக்கணக்கில் பேசாமல், சாப்பிடாமல், சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தால் என்ன செய்வீர்கள்? நாங்கள் என்ன செய்தோம் என்று சொல்கிறேன். படித்துவிட்டு என்னை ஏசுவதானால் ஏசுங்கள்.

எங்கள் தோட்டம் சுங்கை சிப்புட் பக்கம். பெயர் வேண்டாம். இப்போது அங்கே போய்த் தேடினால் லயமும் இல்லை, பெரட்டுக் களமும் இல்லை. செம்பனை மட்டும் வரிசை வரிசையாக நிற்கிறது. நான் பிறந்தபோது அது முழுவதும் ரப்பர். தாத்தா காலத்தில் கப்பலில் வந்த குடும்பம் எங்களுடையது. அம்மா அந்த லயத்திலேயே பிறந்து, நாலு வீடு தள்ளி வாழ்க்கைப்பட்டவர்.

தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பட்டணத்திலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். காலை நாலு மணிக்கு அம்மா எழுந்துவிடுவார். குளிர் நேரத்தில்தான் பால் நன்றாக இறங்கும். வெயில் ஏறினால் மரம் சுருக்கிக்கொள்ளும். அதனால் விடியுமுன் பெரட்டு. தலையில் விளக்கு, கையில் உளி, இடுப்பில் ஒட்டுப்பால் பை. கொசுக்கடியோடு மரம் மரமாக ஓடிச் சீவிவிட்டு, பிறகு மங்குகளில் இறங்கிய பாலை வாளியில் சேர்த்து, காண்டாக் கம்பில் இரண்டு பக்கமும் வாளியைத் தொங்கவிட்டுப் பால் கொட்டகைக்குத் தூக்கி வருவார். அம்மாவின் வலது தோளில் காய்த்துப்போன ஒரு மேடு இருந்தது. சிறு வயதில் நான் அதைத் தொட்டுத் தொட்டு விளையாடுவேன். எல்லா அம்மாக்களுக்கும் அப்படி ஒன்று இருக்கும் என்றுதான் நினைத்தேன். எங்கள் லயத்தில் அது உண்மையாகவும் இருந்தது.

இடுப்பு வலி என்றால் தோட்டத்து டிரெஸ்ஸரிடம் போகலாம். வெள்ளை மாத்திரை கொடுப்பார். தலைவலிக்கும் அதே மாத்திரைதான். "மனசு சரியில்லை ஐயா" என்று சொல்லிக்கொண்டு போய் நிற்க அங்கே வரிசையே கிடையாது. ஆண்களுக்குக் கள்ளுக்கடை இருந்தது. அதுதான் அவர்களுடைய ஆஸ்பத்திரி. அப்பா அந்த ஆஸ்பத்திரிக்கு ஒரு நாளும் தவறாமல் போனார். பெண்களுக்கு மாரியம்மன் கோயிலும் குழாயடியும்.

ரப்பரை அழித்துச் செம்பனை நட்டபோது அம்மாவை மருந்தடிக்கும் வேலைக்கு மாற்றினார்கள். எண்பதுகளின் நடுவில் அது. புல்லுக்கும் களைக்கும் அடிப்பதை நாம் "மருந்து" என்றுதான் சொல்லுவோம். யோசித்துப் பாருங்கள், எவ்வளவு பொல்லாத வார்த்தை! குழந்தைக்கு இருமலுக்குக் கொடுப்பதும் மருந்து, புல்லைக் கருக்குவதும் மருந்து. நஞ்சு என்று ஒரு தடவையாவது சொல்லியிருந்தால், எங்கள் பெண்கள் கொஞ்சம் பயந்தாவது இருப்பார்கள்.

அம்மாவோடு அந்தக் கும்பலில் இருந்தவர்கள் எல்லாரும் பெண்கள். நிறைத்த தொட்டியை முதுகில் கட்டிக்கொண்டு, ஒரு கையால் பம்பை அடித்துக்கொண்டு, நிரை நிரையாக நடக்க வேண்டும். அப்பாவின் பழைய நீளக்கைச் சட்டைதான் பாதுகாப்பு உடை. மூக்கில் ஒரு துண்டு. காற்று எதிரே வீசினால் மருந்து அந்தத் துண்டில் ஊறி, நாள் முழுவதும் மூக்கின் மேலேயே ஒட்டிக்கிடக்கும். தொட்டி ஒழுகினால் முதுகு நனையும். கையுறை கேட்ட ஒரு பெண்ணிடம், "சோறு வேணுமா, கையுறை வேணுமா?" என்று மண்டோர் கேட்டதாக அம்மா சொல்லுவார். சிரித்துக்கொண்டே சொல்லுவார், அதுதான் எனக்கு ஆறவில்லை.

ஒரு வருஷத்தில் அம்மாவின் விரல் நகங்கள் வெளுத்து, வெடித்து, இரண்டு நகம் விழுந்தே போயின. மூக்கில் அடிக்கடி ரத்தம் வரும். "உடம்புச் சூடு, நல்லெண்ணெய் தேய்ச்சுக் குளி" என்றார் பாட்டி. அம்மாவும் குளித்தார். மறுநாள் மறுபடி தொட்டியைத் தூக்கினார்.

அந்த மருந்தின் பெயர் பாராகுவாட். நகம் கெடுவதும், மூக்கில் ரத்தம் வருவதும், தோல் வெந்து புண்ணாவதும் அதைக் கையாளுகிறவர்களுக்கு வருகிற கோளாறுகள் என்பதைப் பல வருஷம் கழித்துத்தான் அறிந்தேன். புண் வழியாக உள்ளே போனால் நுரையீரலையே கெடுக்கக்கூடியது. முறிவு மருந்தும் கிடையாது. ஐரீன் ஃபெர்னாண்டஸ் அம்மையார் தொடங்கிய தெனாகனித்தா அமைப்பு, தோட்டங்களில் மருந்தடிக்கும் பெண்களைக் கண்டு பேசி, 2002-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. அதே வருஷம் அரசாங்கம் பாராகுவாட்டைத் தடை செய்வதாக அறிவித்தது. 2006-இல் அந்தத் தடையைத் தளர்த்தினார்கள். கடைசியில் 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்துதான் நாட்டில் முழுத்தடை வந்தது. பதினெட்டு வருஷம்! அம்மா அதைப் பார்க்க இல்லை.

நான் சொல்ல வந்தது நகத்தின் கதை அல்ல. ஆனால் அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது.

1996-இல் தோட்டம் கை மாறியது. அப்பா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். அம்மாவுக்கு ஒரு பசுமாடு இருந்தது. வீட்டுக்குப் பின்னால் முருங்கை, கறிவேப்பிலை, ஒரு பாத்தி கீரை. ஈப்போவில் எங்களுக்குக் கிடைத்தது அடுக்குமாடியில் நாலாவது மாடி. மாட்டை எங்கே கட்டுவது? சாமுவில் ஒருவருக்கு விற்றோம். மாடு லாரியில் ஏறும்போது அம்மா வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டார். கோயில் சாமியை ஊர்வலமாக வேறு இடத்துக்குக் கொண்டு போனபோது எல்லாரும் அழுதார்கள், அம்மா அழவில்லை. "உங்க அம்மாவுக்கு நெஞ்சழுத்தம்" என்றார் பெரியம்மா.

பட்டணம் வந்த பிறகும் காலை நாலு மணிக்கு அம்மா எழுந்துவிடுவார். முதலில் நாலரை மணிக்குச் சமையல் கூட முடிந்துவிடும். பிறகு சமையல் நின்றது. எழுந்து, சேலையை இழுத்துச் செருகி, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, கதவோரத்தில் உட்கார்ந்துகொள்வார். எங்கே போக? பெரட்டு இல்லை, மண்டோர் இல்லை, கூட நடக்கப் பெண்கள் இல்லை. லயத்தில் அடுத்த வீட்டில் குழம்பு கொதிப்பது நம் வீட்டுக்குக் கேட்கும். இங்கே இரும்புக் கதவைப் பூட்டிவிட்டால் பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாது.

உடம்பெல்லாம் வலி என்றார். மார்பை அடைக்கிறது என்றார். கிளினிக்கில் ரத்தம் பார்த்தார்கள், நெஞ்சுப்படம் எடுத்தார்கள், ஒன்றுமில்லை என்றார்கள். சோறு இறங்கவில்லை. தீபாவளிக்கு வாங்கிய சேலையைப் பிரிக்கவே இல்லை. கொஞ்ச நாளில் பேச்சும் குறைந்தது. "நான் எதுக்கு இருக்கேன்?" என்று இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும், "என்னம்மா பேச்சு இது?" என்று அதட்டி வாயை அடைத்தேன். பாசத்தில்தான் அதட்டினேன். ஆனால் கதவைச் சாத்தியது நான்தான்.

நாங்கள் செய்த வைத்தியத்தைக் கேளுங்கள். காற்றுச் சேட்டை என்றார்கள், எலுமிச்சம்பழம் அறுத்தோம். செய்வினை என்றார் ஒருவர். முந்நூறு வெள்ளி கொடுத்துத் தாயத்துக் கட்டினோம். அந்த முந்நூறு வெள்ளி என் அரை மாதச் சம்பளம். கோயிலுக்குப் போவதை நான் குறை சொல்ல மாட்டேன். அம்மனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அரை மணி நேரம் அம்மாவின் முகம் கொஞ்சம் தெளியும். காசு வாங்கிப் பயமுறுத்திய ஆளைத்தான் சொல்கிறேன்.

பட்டறையில் என்னோடு வேலை செய்த ஓர் அக்கா ஒரு நாள் தனியாகக் கூப்பிட்டு, "தஞ்சோங் ரம்புத்தானுக்குக் கூட்டிப் போய்க் காட்டேன்" என்றார். எனக்குக் கன்னத்தில் அறைந்தது போல இருந்தது. பேராக்கில் வளர்ந்த உங்களுக்கு அந்த ஊர்ப் பெயரின் அர்த்தம் தெரியும். பள்ளிக்கூடத்தில் ஒருவன் கோணங்கித்தனம் செய்தால், "இவனைத் தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பு" என்போம். ஈப்போவிலிருந்து சுமார் பதினைந்து கிலோமீட்டரில் உள்ள ஒரு சின்ன ஊர். 1911-இல் வெள்ளைக்காரர்கள் அங்கே மனநோய் ஆஸ்பத்திரி கட்டிய பாவத்துக்கு, நாடு முழுவதும் அந்த ஊர்ப் பெயரே ஏச்சுச் சொல்லாகிவிட்டது. 1971-இல் அந்த ஆஸ்பத்திரிக்கு 'பகாகியா' என்று பெயர் மாற்றினார்கள். மலாயில் அதற்கு மகிழ்ச்சி என்று பொருள். பெயரை மாற்றினார்கள், நம் வாய் மாறவில்லை.

மாமாவிடம் சொன்னேன். குதித்தார். "உன் தங்கச்சிக்கு இப்பத்தான் தைப்பிங்கிலிருந்து வரன் வந்திருக்கு. அம்மா பைத்தியக்கார ஆஸ்பத்திரியில இருக்கான்னு தெரிஞ்சா எவன் பொண்ணு எடுப்பான்? கல்யாணம் முடியட்டும்" என்றார். மாமா கெட்டவரில்லை. அப்பா இறந்த பிறகு எங்கள் பள்ளிக்கூடச் செலவைப் பார்த்தவர் அவர்தான். நானும் சரி என்றேன். கல்யாணத்துக்கு நாலு மாதம் இருந்தது.

அந்த நாலு மாதத்துக்குள் ஒரு சனிக்கிழமை வீட்டைக் கூட்டினேன். அம்மாவின் கட்டிலடியில், பழைய சேலை மூட்டைக்குப் பின்னால், ஒரு டின் இருந்தது. தோட்டத்து டின். எனக்கு அந்த வாடை தெரியும்.

"அம்மா, இது எதுக்கு?"

வெகு நேரம் கழித்துப் பதில் வந்தது. "புல்லுக்கு."

வாசகர்களே, நாங்கள் இருந்தது நாலாவது மாடி.

டின்னை எடுத்துக்கொண்டு கீழே இறங்கியபோது கால் நடுங்கியது. அன்று இரவு அம்மாவின் பக்கத்தில் பாயைப் போட்டுப் படுத்தேன், தூங்கவில்லை. திங்கட்கிழமை லீவு போட்டேன். மாமாவிடம் கேட்கவில்லை. தங்கச்சியிடம் மட்டும் சொன்னேன். அவள் ஒரே வார்த்தை சொன்னாள்: "வரன் போனா போகட்டும்க்கா." இருபத்திரண்டு வயதுப் பெண் அவள். அவளுக்கு இருந்த புத்தி எங்கள் யாருக்கும் இல்லாமல் போனது.

இரும்புக் கம்பி, அலறல், சங்கிலி என்று சினிமாவில் பார்த்ததையெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன். வெளிநோயாளர் பகுதியில் நாற்காலிகள் போட்டு, எண் சீட்டுக் கொடுத்து, சாதாரண கிளினிக் போலத்தான் இருந்தது. பக்கத்தில் ஒரு சீன அம்மாள் பின்னல் பின்னிக்கொண்டிருந்தார். எதிரே ஒரு மலாய்க்காரப் பையன் பரீட்சைப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தான். இவர்களா பைத்தியம்? எனக்கு என் மேலேயே வெட்கம் வந்தது.

டாக்டர் ஒரு மலாய்க்காரப் பெண். அம்மாவுக்குத் தோட்டத்து மலாய் தெரியும். ஆனாலும் டாக்டர் ஒரு தமிழ் மிஸ்ஸியை அழைத்து உட்கார வைத்தார். முதல் கேள்வி நோயைப் பற்றியே இல்லை. "என்ன வேலை செஞ்சீங்கம்மா?" என்றுதான் மிஸ்ஸி கேட்டார். அம்மா சொன்னார். எத்தனை வருஷம்? சொன்னார். விரல்களை நீட்டச் சொல்லிப் பார்த்தார்கள்.

"காலையில எத்தனை மணிக்கு எழுந்திரிப்பீங்க?"

"நாலு."

"எதுக்கு?"

"பெரட்டுக்கு."

"இப்போ பெரட்டு இல்லையேம்மா."

அம்மா அழுதார். மாடு போனபோது அழாதவர், சாமி போனபோது அழாதவர், அந்த மர நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் அழுதார். யாரும் அவரை அழாதே என்று சொல்லவில்லை.

அம்மாவுக்கு வந்தது மனச்சோர்வு நோய். இடிந்து போவதற்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு என்று மிஸ்ஸி எனக்கு விளக்கினார். துக்கம் வந்தால் நாலு நாள் சோறு பிடிக்காது; பிறகு பிடிக்கும். இது வாரக்கணக்கில் விடாமல் பிடித்துக்கொள்ளும். தூக்கம் கெடும், விடியுமுன்னே விழிப்பு வரும், பிடித்ததெல்லாம் பிடிக்காமல் போகும், தான் பாரம் என்று தோன்றும். உடம்பு வலியாகவே வெளிப்படுவதும் உண்டு. அதனால்தான் எத்தனையோ பேர் வலி மாத்திரையோடு நின்றுவிடுகிறார்கள். மருந்து சாப்பிட்டதும் உடனே கேட்காது, இரண்டு மூன்று வாரம் பிடிக்கும், தேறியதும் சொந்தமாக நிறுத்தக் கூடாது என்றார். நாங்கள் நிறுத்தினோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எட்டாவது மாதம் நன்றாகிவிட்டது என்று நாங்களாகவே நிறுத்தினோம்; மூன்று மாதத்தில் பழையபடி கதவோரம். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம்.

முதல் தடவை, மருந்து தொடங்கி ஐந்தாவது வாரமோ ஆறாவது வாரமோ, அம்மா சந்தைக்குப் போகலாமா என்று கேட்டார். புந்தோங் சந்தையில் கீரைக் கட்டைக் கையில் எடுத்து, "இதுக்கு ஒரு வெள்ளியா? எல்லாம் தண்டுதான்" என்று கடைக்காரரோடு சண்டை போட்டார். நான் ஓரமாக நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

தைப்பிங் வரனா? மாப்பிள்ளையின் அம்மாவிடம் நானே போய்ச் சொன்னேன். அந்த அம்மாள் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "என் தம்பிக்கும் இப்படித்தான் இருந்துச்சு, நாங்க கூட்டிப் போகல" என்றார். மேலே ஒன்றும் சொல்லவில்லை. கல்யாணம் குறித்த தேதியில் நடந்தது.

அந்த டின்னைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மனம் உடைந்த நேரம் வரும், போகும். அந்த நேரத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் நஞ்சு இல்லாதிருந்தால் உயிர் தப்பும். தப்பியவர்களில் பெரும்பாலோர் பிறகு வாழவே செய்கிறார்கள். இலங்கையைப் பாருங்கள். நம்மைப் போலவே தோட்டத் தமிழர்கள் உள்ள நாடு. 1990-களின் நடுவில் உலகத்திலேயே மிக அதிகமாகத் தற்கொலை நடந்த நாடுகளில் ஒன்றாக இருந்தது. கொடிய பூச்சிக்கொல்லிகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள், பாராகுவாட்டையும் விலக்கினார்கள். இருபது வருஷத்தில் அந்தச் சாவுகளின் விகிதம் சுமார் 70 விழுக்காடு குறைந்தது. மக்களின் கஷ்டம் அந்த இருபது வருஷத்தில் அவ்வளவு குறைந்துவிடவில்லை. டின்தான் வீட்டை விட்டுப் போனது.

நம் நாட்டில் இன்னொரு பயமும் இருந்தது. உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்தவர் மேல் வழக்குப் போடத் தண்டனைச் சட்டத்தில் 309-ஆம் பிரிவு இருந்தது. போலீசுக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்கே போகாத குடும்பங்கள் உண்டு. 2023-இல் அந்தப் பிரிவை நீக்கிவிட்டார்கள். இனி அந்தப் பயம் வேண்டாம். அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளி கொடுத்துப் பதிந்து, மனசு சரியில்லை என்று வாய்விட்டுச் சொன்னால், அங்கிருந்தே வழி காட்டுவார்கள். நேரில் சொல்லக் கூச்சமாக இருந்தால் சுகாதார அமைச்சின் 15555 என்ற தொலைபேசி எண் இருக்கிறது. வீட்டில் யாராவது "நான் எதுக்கு இருக்கேன்?" என்று கேட்டால், என்னைப் போல அதட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "ஏன் அப்படித் தோணுது? சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஏற்கெனவே வந்திருந்தால், சொல்ல ஓர் ஆள் கிடைக்கும்.

வேலையால் வந்த நோய்க்குச் சொக்சோவில் நஷ்ட ஈடு கேட்கலாம் என்பது 1969-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. அம்மாவின் நகத்துக்கு நாங்கள் கேட்கவில்லை. கேட்கலாம் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நாங்களும் யாரையும் கேட்கவில்லை.

அம்மா அதற்குப் பிறகு பதினேழு வருஷம் இருந்தார். தங்கச்சியின் இரண்டு பிள்ளைகளையும் வளர்த்தார். தாழ்வாரத்தில் பெயிண்டு வாளிகளில் கறிவேப்பிலை வைத்தார். நாலு மணி விழிப்பு மட்டும் கடைசி வரை போகவில்லை. "பழகின உடம்பு" என்பார். எழுந்து செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார்.

போன மாதம் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு கிளினிக்குப் போயிருந்தேன். கடைசி வரிசையில் ஒரு வங்காளதேசத்துப் பையன் உட்கார்ந்திருந்தான். தோட்டத்து வேலையாள், காலில் பூட்ஸ், சட்டையில் செம்பனைக் கறை. வெளிநாட்டு ஆட்களுக்குக் கட்டணம் பல மடங்கு என்பதால் காசை எண்ணி எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எண்ணுவதை நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்க்கத் தொடங்கினான். அந்தப் பார்வை எனக்குத் தெரிந்த பார்வை. என்ன உடம்புக்கு என்று மலாயில் கேட்டேன். தலைவலி, உடம்பு வலி என்றான். தூக்கம் வருகிறதா என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினான். ஊரில் யார் இருக்கிறார்கள் என்றதும், "அம்மா" என்றான். அவன் மொழியில் கிட்டத்தட்ட நம் சொல்தான்.

அவனுடைய எண்ணைக் கூப்பிட்டார்கள். மலாய் அவனுக்கு அவ்வளவாக வராது என்று தெரிந்தது. நானும் கூடவே எழுந்து உள்ளே போனேன்.